நாலு சுவரும் கருப்பா? பெட்ரூமுக்கு காசு போடறதுக்கு முன்னாடி

கேள்வி: அக்கா வணக்கம். மேடவாக்கத்துல சொந்த ஃபிளாட், மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடிதான். பெட்ரூம் 11க்கு 12. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், காலையில வந்து படுத்தா வெளிச்சத்துல தூக்கமே வர மாட்டேங்குது. நாலு சுவரும் சீலிங்கும் கருப்பு அடிச்சு, கட்டில், கர்ட்டன், பெட்ஷீட் எல்லாமே கருப்புல போட்டுடலாம்னு ரொம்ப நாளா ஆசை. கையில 60,000 ரூபா இருக்கு. கருப்பு அடிச்சா ரூம் கொதிக்கும், ஆகவும் ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. பெயிண்ட் கடையில கேட்டா இப்பவே கலந்து தரேன்றாங்க. என்ன வாங்கலாம், எதுல ஏமாறாம இருக்கணும்?

பதில்: முதல்ல கடைக்காரர்கிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்கம்மா. மெஷின்ல கலந்த பெயிண்ட்டை எந்தக் கடையிலயும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க, உங்க ஷேடுக்குன்னு கலந்துட்டாங்கன்னா அதை வேற யாருக்கும் விக்க முடியாது, அதனால மத்த பொருள் மாதிரி வாங்கிட்டு யோசிக்கற விஷயம் இல்ல இது.

சூடு பத்தி மாமியார் சொல்றது பாதி சரி. கருப்பு சூட்டை இழுக்கும்ங்கறது வெயில் நேரா படற இடத்துக்கு. வெளிச்சுவர், மொட்டை மாடி, ரோட்டுல நிக்கற கார், இதுக்கெல்லாம் நூத்துக்கு நூறு உண்மை. ரூமுக்குள்ள இருக்கற சுவருக்கு அது பெருசா பொருந்தாது, ஜன்னல் வழியா மணிக்கணக்கா வெயில் விழற சுவரா இருந்தா மட்டும்தான் பிரச்சனை. உங்க ரூம் கொதிக்கறதுக்குக் காரணம் தலைக்கு மேல இருக்கற தளம், பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி பூரா கீழ கக்கிட்டு இருக்கு. அந்த சூடு கண்ணுக்குத் தெரியாத கதிரா வருது, அதை வாங்கிக்கறதுல வெள்ளை பெயிண்டுக்கும் கருப்பு பெயிண்டுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. அதனால அசோசியேஷன்ல பேசி மாடியில வெயிலைத் திருப்பி அனுப்பற வெள்ளை கோட்டிங் அடிக்க வெச்சீங்கன்னா, உள்ள எந்த கலர் அடிச்சாலும் ரூம் இப்ப இருக்கறதை விட நல்லா இருக்கும்.

ஆகாதுன்னு சொல்றது நம்பிக்கை, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா நம்ம பழைய வீடுங்கள்ல கருப்பு ஆக்சைடு தரையும் கடப்பா கல் ஷெல்ஃபும் இல்லாம இல்லையே, அதை எடுத்துச் சொல்லிப் பாருங்க. அவங்களும் தினமும் அந்த வீட்டுலதான இருக்கணும், ஒரு சுவரோட நிறுத்தினா ரெண்டு பேருக்கும் சமாதானமா போகும்.

நான் சொல்லப்போறதும் அதேதான், ஒரு சுவர். அதுவும் கட்டிலோட தலைமாட்டு சுவர் மட்டும். மத்த மூணும் சீலிங்கும் வெள்ளையோ லேசான மணல் கலரோ இருக்கட்டும். வெள்ளை சுவர் மேல விழற வெளிச்சத்துல முக்கால்வாசிக்கு மேல திருப்பி ரூமுக்கே கொடுக்கும், கருப்பு சுவர் அஞ்சு சதவீதம் கூட திருப்பித் தராது. நாலு சுவரும் சீலிங்கும் கருப்புன்னா நீங்க போடற லைட்டை எல்லாம் சுவரே தின்னுடும், அப்புறம் பீரோல ரெண்டு புடவையில எது கருநீலம் எது கருப்புன்னு கண்டுபிடிக்க செல்ஃபோன் டார்ச் அடிக்கணும்.

வீட்டுக்காரர் தூக்கத்துக்கு சுவர் கலர் ஒரு மருந்தே இல்லம்மா. வெளிச்சம் வர்றது ஜன்னல் வழியா, அதை நிறுத்த வேண்டியது கர்ட்டன். பிளாக்கவுட் கர்ட்டன்னு கேட்டு வாங்குங்க, பேர்ல பிளாக் இருக்கறதால கருப்பாத்தான் இருக்கணும்னு இல்ல, கிரீம் கலர்ல கூட நல்ல பிளாக்கவுட் இருக்கு. துணியோட நெசவும் பின்பக்க கோட்டிங்கும்தான் வெளிச்சத்தைத் தடுக்குது. கடையிலயே செல்ஃபோன் டார்ச்சை துணிக்குப் பின்னாடி ஒட்டி வெச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அது சும்மா கருப்புத் துணி, பிளாக்கவுட் விலை கொடுக்காதீங்க. மேற்கு பார்த்த ஜன்னலா இருந்தா பின்பக்கம் வெள்ளை லைனிங் இருக்கறதா எடுங்க, இல்லன்னா ரெண்டு கோடையில கருப்பு வெளுத்து பழுப்பா நிக்கும். அளவு எடுக்கும்போது ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் ஆறு ஆறு இன்ச் கூட, மேலயும் ஆறு இன்ச். ராட் முனை சுவர் பக்கமா வளைஞ்சு இருந்தா இன்னும் நல்லது, பகல்ல தூங்கறவங்களை எழுப்பறது அந்த ஓரத்துல கீத்தா வர்ற வெளிச்சம்தான். 60,000-ல முதல் செலவு இதுவா இருக்கட்டும்.

இப்போ சுவருக்கு வர்றேன், இங்கதான் நிறைய பேர் காசை விடறாங்க. கருப்பு எதையும் மறைக்காது, வெள்ளை மறைக்கும். வெள்ளை சுவர்ல மேடு பள்ளம் இருந்தாலும், லேசா உப்பு பூத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அதே சுவர்ல கருப்பு அடிச்சா, சுவரை சமமாக்கப் பூசற பட்டியைத் தேச்ச ஒவ்வொரு கோடும் தெரியும். நான் என் வீட்டுல ஒரு சுவர் அடிச்சேன், பாத்ரூமுக்கு ஒட்டின சுவர், அடிச்ச அன்னிக்கு அவ்வளவு அழகா இருந்துச்சு, மழை மாசம் வந்ததும் தரையில இருந்து ஒரு அடி உயரத்துக்கு திருநீறு பூசின மாதிரி வெள்ளையா பூத்து வந்துச்சு, துடைச்சா கையோட வரும் அடுத்த வாரம் திரும்ப வரும். சுவருக்குள்ள இருக்கற ஈரம் செங்கல்ல இருக்கற உப்பைக் கரைச்சு வெளிய கொண்டு வந்து, தண்ணி காஞ்சு உப்பு மட்டும் நிக்குது. பெயிண்டை மாத்தினா இது நிக்காது, பாத்ரூம் பக்கம் டைல்ஸ் இடுக்கைத் திறந்து திரும்ப அடைச்ச அப்புறம்தான் நின்னுச்சு.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை சுவரோட அடிப்பக்கத்துல நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க, உள்பக்கம் வேர்த்து முத்து முத்தா தண்ணி நின்னா சுவர்ல ஓதம் இருக்கு, அதை சரி பண்ணாம பெயிண்ட் வாங்காதீங்க. இன்னொண்ணு ராத்திரி பண்றது, ரூம் லைட்டை அணைச்சுட்டு ஒரு டார்ச்சை சுவரோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து தானா தெரியும். பெயிண்டரை வரச் சொல்லி இதே மாதிரி லைட் அடிச்சுக் காட்டிட்டு, இது சமமா வந்தாத்தான் பணம்னு முன்னாடியே பேசிடுங்க. கூலியை சதுர அடிக்குப் பேசும்போது பட்டி எத்தனை கோட், எமரி தேய்க்கறது, பிரைமர், எல்லாம் சேர்த்துத்தானான்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. பிரைமரை சாம்பல் கலர்ல கலந்து தரச் சொல்லுங்க, வெள்ளை பிரைமர் மேல கருப்பு அடிச்சா ரெண்டு கோட்ல மூடாது, மூணாவது கோட்டுக்கு பெயிண்ட் காசும் கூலியும் உங்க தலையில.

அளவு சொல்றேன். 11 அடி அகலம், ஒம்பதரை அடி உயரம்னா சுமார் 105 சதுர அடி. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் ரெண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 120 சதுர அடி வரும், ஆனா கருப்புக்கு மூணாவது கை வேண்டி வரலாம், அதனால ரெண்டு லிட்டர் ஒரே நேரத்துல வாங்குங்க. ரெண்டு டப்பாவா வந்தா ஒரு பக்கெட்டுல ரெண்டையும் ஊத்திக் கலந்துட்டு அடிக்கச் சொல்லுங்க, அப்பதான் பாதி சுவர்ல ஷேட் மாறாது. மிச்சத்தை இறுக்கி மூடி வைங்க, டச்சப்புக்கு அதே கலவை வேணும். பில்லுல ஷேட் பேரு, நம்பர், பேஸ் (கலர் சேர்க்கறதுக்கு முன்னாடி இருக்கற அடிப்படை பெயிண்ட்) எல்லாம் எழுதி வாங்குங்க. கலந்தது திரும்ப எடுக்க மாட்டோம்னு கடைக்காரர் சொல்றது நியாயம்தான், ஆனா நீங்க கேட்ட நம்பரும் கொடுத்த நம்பரும் வேறன்னா அது அவங்க தப்பு, அதை நிரூபிக்க பில்லு மட்டும்தான் இருக்கு. டப்பாவுல காரீயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இல்லன்னு போட்டிருக்கான்னு பாருங்க, 2017 நவம்பர்ல இருந்து அது சட்டம், தூங்கற ரூம்ல அதுல சமரசம் வேண்டாம்.

கருப்புலயே எந்தக் கருப்புன்னு ஒண்ணு இருக்கு. ஷேட் கார்டுல தபால்தலை சைஸ்ல பாத்து முடிவு பண்ணாதீங்க. சின்ன சாம்பிள் டப்பா வாங்கி ஒரு முழு வெள்ளை சார்ட்டுல ரெண்டு கோட் அடிச்சு, சுவர்ல ஒட்டி, காலையில, மத்தியானம், ராத்திரி லைட் போட்டுன்னு மூணு நேரமும் பாருங்க. ஒண்ணு நீலமா அடிக்கும், ஒண்ணு காபி டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பா இருக்கும். நீலம் கலந்த கருப்பு வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழ ரொம்ப ஜில்லுன்னு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், எனக்குப் பிடிச்சது பழுப்பு கலந்தது.

ஃபினிஷ்ல சுத்த மேட் வேண்டாம். படத்துல பாக்க வெல்வெட் மாதிரி இருக்கும், ஆனா நம்ம வீட்டுல தலைக்கு தேங்காய் எண்ணெய் வெச்சுட்டு கட்டில்ல சாஞ்சு உக்காந்து ஃபோன் பாப்போம், ஒரே மாசத்துல தலை படற இடத்துல பளபளன்னு ஒரு வட்டம் வரும், துணியால தேய்ச்சா தேய்ச்ச இடமும் பளபளக்கும், திரும்ப அடிக்கறதைத் தவிர வழியே இல்ல. பளபள ஃபினிஷ் எடுத்தா சுவரோட ஒவ்வொரு பள்ளமும் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல லேசான ஷீன்னு இருக்கும், அதை வாங்குங்க, அப்படியும் கட்டில் தலைப்பலகை மூணரை நாலு அடி உயரம் இருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

லைட்டுக்கு 20 வாட் எல்இடி டியூப் ஒண்ணு சுமார் 2000 லூமன் தரும், அது துணி மடிக்க, பெருக்க. ராத்திரிக்கு 3000 கெல்வின் மஞ்சள் லைட் ரெண்டு, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும், கருப்பு சுவர் மேல வெளிச்சம் கீழ்நோக்கி விழற மாதிரி. அந்தச் சுவர் அழகா தெரியறது அப்பதான், சுவர் சமமா இல்லன்னா அசிங்கமா தெரியறதும் அப்பதான்.

கொசு பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. கொசுவுக்கு இருட்டான இடம் பிடிக்கும், கருப்பு சுவர்ல உக்காந்தா உங்க கண்ணுக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வலை இல்லன்னா அதை முதல்ல போட்டுடுங்க.

கேள்வி: மேடம், ஆன்லைன்ல கருப்பு கட்டில் ஆர்டர் பண்ணேன், மரக்கட்டில்னு நினைச்சேன். வந்ததைப் பாத்தா ஓரத்துல லேமினேட் பேந்து உள்ள மரத்தூள் தெரியுது. கேட்டா எஞ்சினியர்டு வுட்னு போட்டிருந்தோமேன்றாங்க. பில்லுலயும் விற்ற பொருள் வாபஸ் இல்லன்னு இருக்கு.

பதில்: எஞ்சினியர்டு வுட்னா பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு இல்ல எம்டிஎஃப், அதாவது மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்தினது. அப்படி விக்கறது தப்பு இல்ல, அதனால மரம்னு நினைச்சேன்ங்கற வாதம் நிக்காது. ஆனா ஓரம் பேந்து வந்தது குறைபாடு, அது நிக்கும். குறைபாடுள்ள பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்து பணம் தர மறுத்தா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி அது நேர்மையில்லாத வியாபாரம். வாபஸ் இல்லன்னு அச்சடிச்சுட்டா சட்டம் மாறிடாது.

பேந்த ஓரத்தை ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுங்க, பொருள் பக்கத்துல என்ன எழுதியிருந்தாங்கன்னு ஸ்கிரீன்ஷாட் இன்னிக்கே எடுங்க, நாளைக்கு மாத்திடலாம். ஃபோன்ல பேசாதீங்க, மெயில்ல எழுதுங்க. பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிட்டு புகார் நம்பர் வாங்குங்க. அதுலயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நுகர்வோர் புகாருக்கான அரசோட இ-ஜாக்ரிதி ஆன்லைன் தளத்துலயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அடுத்த தடவை கருப்பு கட்டில் வாங்கறதா இருந்தா பவுடர் கோட்டிங் பண்ண இரும்புக் கட்டில் பாருங்க, கருப்பு அதுல இயல்பா உக்காரும், ஓரம் பேந்து வர்ற பேச்சே இல்ல.

கேள்வி: அக்கா, கருப்பு காட்டன் பெட்ஷீட் சாயம் போகாம இருக்க உப்பு தண்ணியில ஊற வைக்கணும்றாங்களே, உண்மையா?

பதில்: சாயம் ஏத்தும்போது மில்லுல உப்பு போடுவாங்க, அது வேற. நீங்க வீட்டுல உப்பு போட்டு ஊற வெச்சா ஒட்டாத சாயம் ஒட்டிக்காது. கடையிலயே வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு பெட்ஷீட் மேல பத்து தடவை அழுத்தித் தேய்ங்க. லேசா சாம்பலா வந்தா பரவால்ல, முதல் ரெண்டு மூணு துவையல்ல நின்னுடும். கண்மை மாதிரி அப்பிச்சுன்னா வெச்சுட்டு வந்துடுங்க, சென்னிமலையோ கரூரோ எந்த ஊரு சரக்குன்னு சொன்னாலும் சரி. வாங்கினதை முதல் மூணு தடவை தனியா, பச்சைத் தண்ணியில துவைங்க, பிளீச் கலந்த பவுடர் படவே கூடாது, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி நிழல்ல காய வைங்க. அந்த மூணு துவையல் முடியற வரைக்கும் வெள்ளை வேட்டி கட்டிட்டு யாரும் அது மேல படுக்க வேண்டாம்.