டிராஃப்டில் யாரும் எடுக்காத வீரர்களை வைத்து ஓர் என்.பி.ஏ. அணியைக் கட்ட முடியுமா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் புதுமுகங்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்படாத வீரர்களை மியாமி ஹீட் போன்ற அணிகள் எங்கிருந்து பிடிக்கின்றன? சரிந்து கிடக்கும் ஓர் அணியை இப்படிப்பட்டவர்களை வைத்தே தூக்கி நிறுத்த முடியுமா?

முழு அணியையும் முடியாது. பாதி அணியை முடியும். அந்தப் பாதி கையில் நிற்குமா என்பதை ஒப்பந்தத் தாள்தான் முடிவு செய்கிறது. ஆளைக் கண்டுபிடித்த கதைகளைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எத்தனை வருடத்துக்கு எழுதி வாங்கினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. பாதிக் குளறுபடி அங்கேதான் நடக்கிறது.

நீங்கள் சொன்ன மியாமியையே எடுத்துக்கொள்வோம். 2022-23 பருவத்தில் 44 வெற்றி, 38 தோல்வியோடு கிழக்குப் பிரிவில் எட்டாவது அணியாக உள்ளே வந்து, முதல் சுற்றில் மில்வாக்கியை 4-1 என்று வெளியேற்றி, இறுதிப்போட்டி வரை போய் டென்வரிடம் தோற்றார்கள். அந்த ஓட்டத்தில் கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேலப் மார்ட்டின், டங்கன் ராபின்சன் நால்வரும் டிராஃப்டில் பெயர் வாசிக்கப்படாதவர்கள். பாஸ்டனுக்கு எதிரான கிழக்கு இறுதியில் சிறந்த வீரர் விருதை மார்ட்டின் ஒரே ஒரு வாக்கில், 5-4 என்று ஜிம்மி பட்லரிடம் இழந்தார். ஆனால் பட்லரும் பாம் அடேபாயோவும் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். முறையே 30ஆவது, 14ஆவது தேர்வு. அவர்கள் இருவரும் நடுவில் நின்றதால்தான் மற்ற நால்வருக்கும் யாரும் மறிக்காத எறிதல்கள் கிடைத்தன. இதே போல் எடுக்கப்படாத, டொராண்டோவின் ஃப்ரெட் வான்வ்லீட்டுக்குப் பக்கத்தில் 2019இல் கவாய் லெனர்ட் இருந்தார். ஓக்லஹோமா சிட்டி 2025இல் கோப்பை வாங்கியபோது லூ டோர்ட், அலெக்ஸ் கரூசோ போன்ற 'எடுக்கப்படாதவர்கள்' இருந்தார்கள். பந்து என்னவோ ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் கையில்தான். நட்சத்திரமே இந்த வழியாக வந்தது அபூர்வம். பென் வாலஸ் 1996இல் எடுக்கப்படாமல் போய், டெட்ராய்ட்டில் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் 2004இல் கோப்பையும் வாங்கினார். அவரை நம்பித் திட்டம் போடுவது லாட்டரிச் சீட்டை நம்பி வீடு கட்டுவது மாதிரி.

ஏன் இவ்வளவு பேர் தப்பிப்போகிறார்கள்? டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் போலப் பணம் கூவும் இடமில்லை. இரண்டே சுற்று, அதிகபட்சம் 60 பெயர். அதிலும் கடைசிப் பதினைந்து இடங்களில் சில, வெளிநாட்டிலேயே விட்டுவைக்கப்படும் பையன்களுக்குப் போய்விடும். அணிகள் 19 வயதுக்காரரின் 'வரப்போகும் திறமை'க்குத்தான் விலை கொடுக்கின்றன. நான்கு வருடம் கல்லூரியில் ஆடிய 22, 23 வயதுக்காரர், ஆறடி இரண்டு அங்குலத்தில் நிற்கும் கார்டு (பந்தைக் கொண்டுபோகும் பின்வரிசை ஆட்டக்காரர்), எந்த இடத்தில் ஆடுவார் என்று சொல்ல முடியாதவர், சிறு கல்லூரிக்காரர் ஆகியோர் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறார்கள். ராபின்சன் தொடங்கியது மூன்றாம் டிவிஷன் கல்லூரியான வில்லியம்ஸில். ஸ்ட்ரூஸ் இரண்டாம் டிவிஷனில் லூயிஸில்.

இன்னொன்று வெளியே அதிகம் தெரியாது. எடுக்கப்படாமல் போவதைச் சிலர் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2021இல் டெட்ராய்ட் தன்னை 42ஆவதாக எடுப்பதை ஆஸ்டின் ரீவ்ஸ் தரப்பு வேண்டாமென்று சொல்லி, லேக்கர்ஸோடு டூ-வே ஒப்பந்தத்துக்குப் (என்.பி.ஏ. அணிக்கும் அதன் கீழ்நிலைக் கிளை அணிக்கும் சேர்த்து ஆடுவது) போனது. 50ஆவது இடத்தில் எடுக்கப்பட்டால் அந்த ஓர் அணியோடு மட்டுமே பேச முடியும். எடுக்கப்படாவிட்டால் 30 அணிகளில் தனக்கு எங்கே இடம் காலி என்று பார்த்துப் போகலாம். அதனால் டிராஃப்ட் இரவின் கடைசி அரை மணி நேரம் திரையில் வெறிச்சென்று இருந்தாலும் தொலைபேசியில் சந்தைக்கடைதான். அந்த நேரத்தில் ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் அல்ல, 'எங்கள் பையனுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்?' என்பது. சரிந்த அணியின் பலம் இங்கேதான். பத்தாவது ஆளாக ஆடும் நிமிடங்கள் அவர்களிடம் தாராளமாக இருக்கும். டிராஃப்டுக்கு ஒரு மாதம் முன்பே பத்துப் பதினைந்து பெயரை எழுதிவைத்து, ஒவ்வொருவருக்கும் என்ன வேலை தரப்போகிறோம் என்று சொல்லத் தெரிந்த அணிக்குத்தான் அந்த இரவில் ஆள் கிடைப்பான்.

தேடும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரலில் வர்ஜீனியாவில் நடக்கும் போர்ட்ஸ்மத் போட்டி: கடைசி வருடக் கல்லூரி வீரர்கள் 64 பேர், எட்டு அணிகள். ஜூலையில், புதுமுகங்கள் ஆடும் லாஸ் வேகஸ் சம்மர் லீக். நவம்பர் முதல், என்.பி.ஏ. அணிகளின் கிளை அணிகள் ஆடும் ஜி லீக். அக்டோபரில் பயிற்சி முகாம் முடியும்போது மற்றவர்கள் கழித்துவிடும் ஆட்கள். இந்த நான்கில் அதிகம் கவனிக்கப்படாதது கடைசியானதுதான். ஜோ இங்கில்ஸை 2014 அக்டோபரில் கிளிப்பர்ஸ் விட்டது, யூட்டா எடுத்துக்கொண்டது. ஐசையா ஜோ டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்தான். 2022 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா விட்டதும் ஓக்லஹோமா சிட்டி எடுத்தது. விடப்பட்ட வீரர் 48 மணி நேரம், மற்ற அணிகள் கேட்டு வாங்கக்கூடிய 'வேய்வர்' பட்டியலில் இருப்பார். பல அணிகள் கேட்டால் மோசமான வெற்றி-தோல்விக் கணக்குள்ள அணிக்கே முன்னுரிமை. தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு விதி கொடுத்திருக்கும் சலுகை இது. ஆனால் அக்டோபரில் தங்கள் 15 இடங்களையும் நிரப்பி வைத்திருப்பவர்களால் இதைப் பயன்படுத்த முடியாது. ஓரிடத்தைக் காலியாக வைத்திருப்பதும் ஒரு வேலைதான்.

இனி எதைப் பார்ப்பது. இங்கே பெரிய தப்பு, கல்லூரியில் ஆட்டத்துக்கு 22 புள்ளி எடுத்தவரைத் தேடுவது. அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த புள்ளிகள் அவை, என்.பி.ஏ.வில் அவர் கைக்குப் பந்தே வராது. பந்து இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பதை வீடியோவில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கிரீன் வைத்த (எதிராளியை மறித்து நின்ற) பிறகு எங்கே போகிறார், மூலையில் நிற்கும்போது எதிராளி நகர்ந்தால் உடனே வெட்டி ஓடுகிறாரா, தடுப்பாட்டத்தில் இரண்டாவது உதவிக்கு வருகிறாரா. உயர்ந்த மட்டத்திலும் சுருங்காத ஒரு திறமை ஏற்கெனவே இருக்க வேண்டும். எறிதல், பந்து தட்டிப் பறிப்பது, தாக்குதல் பக்க ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது) ஆகியவை பெரும்பாலும் மேலே போனாலும் தங்கும். தனியாளாக எதிராளியைத் தாண்டிப் போய்ப் புள்ளி எடுப்பதுதான் முதலில் காணாமல் போகும்.

மூன்று புள்ளிச் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பருவத்தில் 150 முறை எறிந்து 38 சதவீதம் போட்டவரின் உண்மைத் திறன், கணக்குப்படி 30க்கும் 46க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் சதவீதத்தோடு ஆட்டத்துக்கு எத்தனை எறிகிறார், நின்று எறிகிறாரா ஓடி வந்து எறிகிறாரா, எதிராளியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எத்தனை சதவீதம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்று புள்ளிக் கோட்டின் தூரமும் உண்டு. கல்லூரிக் கோடு 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம், என்.பி.ஏ.வில் உச்சியில் 23 அடி 9 அங்குலம், மூலையில் மட்டும் 22 அடி. கல்லூரியிலேயே கோட்டுக்கு இரண்டடி பின்னால் நின்று எறிந்து பழகியவருக்குத்தான் கூடுதல் மதிப்பு. ராபின்சன் 2019-20இல் 270 மூன்று புள்ளிகளை 44.6 சதவீதத்தில் போட்டது, நிற்காமல் ஓடிக்கொண்டே எறியத் தெரிந்ததால்.

ஜி லீக் எண்களில் இன்னொரு கண்ணி. அங்கே ஆட்டம் வேகம், தடுப்பாட்டம் தளர்வு, புள்ளிகள் ஊதிப்போகும். மேலும் 2019-20 முதல் அங்கே பெரும்பாலான நேரம் இரண்டு ஃப்ரீ த்ரோவுக்குப் பதில் ஒன்றே ஒன்று, அதற்கே இரண்டு புள்ளி. நம்பகமான அளவுகோல் என்று மேலே சொன்ன ஃப்ரீ த்ரோவின் எண்ணிக்கையே பாதியாகிவிடுகிறது.

உடம்பையும் பார்க்க வேண்டும். மியாமி உடற்கொழுப்பு அளவீட்டில் கறாரான அணி. அது வெறும் கெடுபிடி அல்ல. 22 வயதில் எறிதலை மாற்றுவதைவிட எடையை மாற்றுவது எளிது. எடை குறைந்தால் தடுப்பாட்டத்தில் கால் நகரும்.

இப்போது தாளுக்கு வருவோம். முகாமுக்கு 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போது 15 சாதாரண ஒப்பந்தம், 3 டூ-வே. டூ-வே 2017-18இல் வந்தது; 2023-24 முதல் மூன்று இடம். சம்பளம் புதுமுகக் குறைந்தபட்சத்தில் பாதி, 2024-25இல் சுமார் 5.78 லட்சம் டாலர். அணிக்கான மொத்தச் சம்பள உச்சவரம்பில் இது சேராது. அதிகபட்சம் 50 என்.பி.ஏ. ஆட்டங்களில் பட்டியலில் இருக்கலாம். சாதாரண ஒப்பந்தமாக மாற்றாவிட்டால் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) கிடையாது. இதற்குக் கீழ்ப்படி 'எக்ஸிபிட் 10': முகாமுக்கு வந்து, கழிக்கப்பட்டு, அணியின் ஜி லீக் கிளையில் 60 நாள் இருந்தால் ஊக்கத்தொகை.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்தக் கடைசிப் படியை. நம் ஜி லீக் கிளையில் ஆடுகிறார் என்பதால் அவர் நம் ஆள் ஆகிவிடமாட்டார். ஜி லீக் ஒப்பந்தம் மட்டும் உள்ளவரை எந்த என்.பி.ஏ. அணியும் வந்து தூக்கிக்கொண்டு போகலாம். மியாமி கேப் வின்சென்ட்டை 2020 ஜனவரியில் தூக்கியது சாக்ரமெண்டோவின் கிளையான ஸ்டாக்டனிலிருந்து. சாக்ரமெண்டோ பயிற்சி கொடுத்தது, மியாமி அறுவடை செய்தது.

அடுத்தது ஒப்பந்த நீளம். குறைந்தபட்சச் சம்பள விதியின்கீழ் அதிகபட்சம் இரண்டு வருடமே எழுத முடியும். மூன்று, நான்கு வருடம் வேண்டுமானால் உச்சவரம்பில் இடம் இருக்க வேண்டும், அல்லது உச்சவரம்பைத் தாண்டிய அணியும் நடுத்தரச் சம்பளத்தில் ஆள் எடுக்க விடும் 'மிட்-லெவல்' விதிவிலக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்களுக்கு 2023 முதல் தனி விதிவிலக்கு உண்டு. எடுக்கப்படாதவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே மீண்டும் கட்டும் அணி, ஜூலையிலேயே மிட்-லெவல் முழுவதையும் ஒரு 32 வயது மூத்த ஆட்டக்காரருக்குக் கொடுத்துத் தீர்த்துவிடக் கூடாது. அதில் ஒரு துண்டை வைத்திருந்தால், மார்ச்சில் டூ-வே பையன் ஒருவன் தேறிவிட்டான் என்று தெரியும்போது நான்கு வருடத்துக்கு எழுதலாம். சாம் ஹிங்கி நிர்வகித்த காலத்தில் ஃபிலடெல்ஃபியா இதைத்தான் செய்தது. மூன்று வருடம் அணி படுதோல்வி, 2015-16இல் வெறும் 10 வெற்றி. ஆனாலும் ராபர்ட் கோவிங்டன், டி.ஜே. மெக்கானல் போன்றோரை உத்தரவாதம் குறைந்த நான்கு வருட ஒப்பந்தங்களில் கட்டிவைத்தார்கள். தேறாவிட்டால் செலவில்லை, தேறினால் நான்கு வருடம் மலிவு. கோவிங்டன் தேறினார், 2018 நவம்பரில் ஜிம்மி பட்லரை வாங்கக் கொடுத்த சரக்கில் அவரும் ஒருவர்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். வெஸ்லி மேத்யூஸை யூட்டா 2009இல் கண்டெடுத்தது, ஒரே வருடத்துக்கு. மறு கோடையில் போர்ட்லண்ட் ஐந்து வருட விலை சொன்னதும் யூட்டாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரீவ்ஸ் விஷயத்தில் லேக்கர்ஸ் மயிரிழையில் தப்பியது. இரண்டு வருடமே இருந்ததால் 2023இல் அவர்கள் நேரடியாகக் கொடுக்கக்கூடிய உச்சம் நான்கு வருடத்துக்கு சுமார் 5.4 கோடி டாலர். வேறு அணி அதைவிடப் பெரிய தொகை எழுதியிருக்கலாம், யாரும் எழுதவில்லை. மூன்று வருடம் ஒரே அணியில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. டூ-வே வருடமும் அந்தக் கணக்கில் சேரும். அதனால்தான் மியாமி 2021இல் ராபின்சனுக்கு ஐந்து வருடம், 9 கோடி டாலர் கொடுக்க முடிந்தது. அது புத்திசாலித்தனமா என்பது வேறு விஷயம்: ஒரு வருடத்துக்குள், 2022 மார்ச்சில், தொடக்க ஐவரில் அவர் இடத்தை ஸ்ட்ரூஸ் எடுத்துக்கொண்டார். நானாக இருந்தால் இரண்டாவது ஸ்ட்ரூஸைத் தேடும் திறமை கையில் இருக்கும்போது முதலாமவருக்கு இவ்வளவு கொடுத்திருக்கமாட்டேன். ஏனென்றால் 2023 கோடையில் ஸ்ட்ரூஸ், வின்சென்ட் இருவரின் ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிந்தது. சம்பளச் செலவு வரம்பை மீறினால் கட்ட வேண்டிய ஆடம்பர வரிச்சுமை கழுத்தில் நின்றது. ஒருவர் கிளீவ்லாந்துக்கும் மற்றவர் லேக்கர்ஸுக்கும் போனார்கள். கண்டுபிடித்தவர்களின் ஒப்பந்த முடிவு வருடங்களைக் கலைத்து வைப்பது அடிப்படை, அதில்தான் சறுக்கினார்கள்.

தேதிகளையும் சுவரில் ஒட்டிவையுங்கள். ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். ஒரே அணியோடு இரண்டு முறைதான். பாதி உத்தரவாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10இல் முழு உத்தரவாதமாகும் என்பதால் 7ஆம் தேதிக்குள் ஒரு கழிப்பு அலை வரும். அன்று காலியிடம் வைத்திருப்பவருக்கு லாபம். கடைசியாக, பருவத்தின் கடைசி நாள். தோற்ற அணிகளெல்லாம் பையைக் கட்டிக்கொண்டிருக்கும் 2019 ஏப்ரல் 10 அன்று, மியாமி ஓர் இடத்தைத் திறந்து, கோல்டன் ஸ்டேட்டின் கிளையான சாண்டா குரூஸில் ஆடிய கெண்ட்ரிக் நன்னை அடுத்த பருவங்களுக்கும் நீளும் ஒப்பந்தத்தில் போட்டது. ஜூலையில் மற்றவர்கள் பட்டியலைத் திறக்கும்போது அவர் சந்தையிலேயே இல்லை. அடுத்த வருடம் சிறந்த புதுமுக வீரர் விருது வாக்கெடுப்பில் ஜா மொராண்டுக்கு அடுத்த இடத்தில் வந்தார்.