தடை வந்த பிறகும் பாறுகள் ஏன் பெருகவில்லை?

கேள்வி: பாறு கழுகுகளைக் (பிணந்தின்னிக் கழுகுகளை) கொன்ற டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்து கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டது. முதுமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்களாக உள்ளன. அப்படியிருந்தும் பாறுகள் ஏன் பெருகவில்லை? கூண்டில் வளர்த்துப் பறக்கவிட்டால் போதாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: காப்பகம் என்பது புலிக்குப் போட்ட எல்லை. வெண்முதுகுப் பாறு மாயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மருத மரங்களில் கூடு கட்டினாலும், இரை தேடி ஒரே நாளில் பல கிலோமீட்டர் கடந்து, காட்டுக்கு வெளியே மாடு மேயும் ஊர்களுக்கும் போய்விடுகிறது. அதன் உயிர் காப்பகத்துக்கு உள்ளே காக்கப்படுவதைவிட, வெளியே உள்ள மாட்டுக் கொட்டிலில்தான் பறிபோகிறது. டைக்ளோஃபினாக் வலிநீக்கி ஊசி போடப்பட்டுச் சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிய, அது மடிகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து தங்கியிருந்தாலே இனம் சரிவதற்குப் போதுமானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் எஞ்சியது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் அது இன்றும் மிக அருகிய இனமே. நம் காடுகளில் அதனுடன் வாழும் கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் அதே நிலையில்தான் உள்ளன.

தடையின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். கால்நடைக்குத் தடை வந்த பிறகும், மனிதருக்கென்று விற்கப்பட்ட பெரிய டைக்ளோஃபினாக் குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊசி மருந்துக் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைக்க 2015 வரை காத்திருந்தோம், அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றன. அசிக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலிநீக்கி மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் என்பது தெரிந்திருந்தும், அதையும் கீட்டோபுரோஃபென் என்ற வலிநீக்கியையும் 2023-இல்தான் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து நீக்கினோம். நிமிசுலைடு என்ற வலிநீக்கிக்கு 2024-இன் கடைசி வாரம் வரை அவகாசம் கிடைத்தது. ஒவ்வொரு பெயரையும் தடுத்து முடிப்பதற்குள் இன்னொரு பெயர் கடைக்கு வந்துவிடுகிறது. பாறுகளிடம் பாதுகாப்பை மெய்ப்பித்த பின்னரே கால்நடைக்கு ஒரு வலிநீக்கியை அனுமதிப்பது என்ற ஒழுங்கு 2006-லேயே வந்திருக்க வேண்டும். மாற்றுமருந்து இல்லாமலா இருந்தது? மெலாக்சிகம் அப்போதே சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது என்று தெரிந்திருந்தது.

பெருகவே இல்லை என்பதும் முழு உண்மையன்று. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் எடுத்த கணக்கில் 320 பாறுகள் பதிவாயின. அவ்வாண்டு பிப்ரவரியில் 246. இந்த வேறுபாடு முழுவதையும் பிறப்பாக எண்ணிவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, இனப்பெருக்க வயதை எட்டவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் பறவை பத்து மாதங்களில் அப்படிப் பெருகாது. தேடிய இடங்களும் தேடிய முறையும் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம்.

கூண்டு வளர்ப்பைப் பொறுத்தவரை, அரியானாவின் பிஞ்சோரில் 2001-இல் தொடங்கிய பணி இனம் அற்றுப்போகாமல் காக்கும் கையிருப்பு என்ற அளவில் மதிப்புடையது. ஆனால் பறக்கவிடப்படும் குஞ்சும் அதே மாட்டைத்தான் தின்னப் போகிறது. கூடு உள்ள இடத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் உள்ள மருந்துக் கடைகளையும் கால்நடை மருந்தகங்களையும் தொடர்ந்து சோதிப்பதும், காட்டோரத்தில் நச்சு கலக்காத சடலங்களைப் புதைக்காமல் பாறுகளுக்கு விடுவதும், மாட்டைக் கொன்ற சிறுத்தையைப் பழிவாங்கச் சடலத்தில் விஷம் வைப்பதைத் தடுக்க உரிய இழப்பீட்டை உடனே தருவதும் முதலில் நடக்கட்டும். பறக்கவிடுவதை அதன் பிறகு பேசலாம்.