30 ரூபாய் பார்க்கிங்கை மிச்சம் பிடிக்க 400 ரூபாய்ச் சாமான்

கேள்வி: எங்களுக்கு உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கிராமம். நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். வீட்டுக்காரர் மண்டபத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். தினமும் ஸ்கூட்டரை மெயின் ரோட்டு ஸ்டாண்டில் 10 ரூபாய் கொடுத்து விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் பழைய காரில் ராமநாதபுரம் போய் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்குவோம். அங்கே காருக்கு 30 ரூபாய் பார்க்கிங். 1,000 ரூபாய்க்கு பில் போட்டால் அது இலவசம். எங்களுக்கு 600 ரூபாய்க்குத்தான் தேவை இருக்கும், ஆனாலும் எதையாவது எடுத்து 1,000 ஆக்கிவிடுவோம். மாமியாரை மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அங்கே 20. உறவுக்காரர்கள் வந்து ராமேஸ்வரம், தேவிபட்டினம் என்று கிளம்பினால் அங்கேயும் காசு. "நிழலுக்கு ஒதுங்கினாக்கூட டோக்கன் போடுறான்" என்று வீட்டுக்காரர் சண்டைக்குப் போகிறார். ஒரு தடவை கோபத்தில் ரோட்டோரம் நிறுத்திவிட்டு 500 ரூபாய் அபராதம் கட்டினோம். மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசே நிற்பதில்லை. இந்தப் பார்க்கிங் செலவை எப்படிக் குறைப்பது? கடைக்காரர்கள் வாங்குவது சட்டப்படி சரியா சார்?

பதில்: சகோதரி, முதலில் கூட்டிப் பார்த்துவிடுவோம். ஸ்டாண்டு 25 நாளுக்கு 250. ஆஸ்பத்திரி 40. கோயில், கடற்கரை என்று சராசரியாக 100 வையுங்கள். சூப்பர் மார்க்கெட் பூஜ்யம், ஏனென்றால் அங்கேதான் இலவசம் ஆக்கிவிடுகிறீர்களே. ஆக மொத்தம் மாதம் 390 ரூபாய். உங்கள் வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் டீக்கடையில் விடுகிற காசு இதைவிடக் கூட இருக்கும். (இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

இதில் எனக்குக் கவலை தருவது அந்தப் பூஜ்யம்தான். 600 ரூபாய்த் தேவையை 1,000 ஆக்க வாரம் 400 ரூபாய்க்குச் சாமான் எடுக்கிறீர்கள். அதில் பாதி எண்ணெய், சோப்பு மாதிரி எப்படியும் அடுத்த வாரம் வாங்க வேண்டியதுதான், அதை விட்டுவிடுவோம். மீதிப் பாதி? வாரம் 200 என்றால் மாதம் 800, வருஷத்துக்கு 9,600. இலவச பார்க்கிங்குக்கு நீங்கள் கொடுக்கிற விலை, காசு கொடுத்து நிறுத்துகிற எல்லா இடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு.

உங்களைக் குறை சொல்லவில்லை. நானே இதில் விழுந்தவன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பில் போடும் வரிசையில் நிற்கிறேன், மெஷினில் 940 என்று காட்டுகிறது. பில் போடுகிற பையன் தலையை நிமிர்த்தாமலேயே, "இன்னும் 60 ரூபாய்க்கு எடுத்தீங்கன்னா பார்க்கிங் ஃப்ரீ சார்" என்றான். அவன் கைக்குப் பக்கத்திலேயே சாக்லேட், ஈரத் துடைப்பான், பேட்டரி, காருக்குள் தொங்கவிடுகிற வாசனை அட்டை எல்லாம் வரிசையாக மாட்டியிருந்தன. பின்னால் நின்றவர் கூடையால் முழங்காலில் இடிக்கிறார். யோசிக்க நேரமில்லை. 99 ரூபாய் வாசனை அட்டையை எடுத்தேன். அன்றைக்கு நான் மிச்சம் பிடித்த பார்க்கிங் 20 ரூபாய். அந்த அட்டையின் மல்லிகை வாசனையில் என் மனைவிக்குத் தலைவலி வந்து, இரண்டாம் நாளே அது டாஷ்போர்டுக்குள் போய்விட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

1,000 என்ற எல்லையை அந்தக் கடை சும்மா வைத்திருக்காது. சராசரி பில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே கயிறு கட்டுவது கடை நடத்துகிறவர்களின் பழைய வித்தை. அதனால் இனிமேல் வீட்டிலேயே சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். பில் 640-ல் நின்றால் நிற்கட்டும், 30 ரூபாயைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை இங்கேதான் நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் போய்வர ஏறத்தாழ 36 கிலோமீட்டர். பழைய கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது; பெட்ரோலை 100 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு தடவைக்கு 240 ரூபாய். நாலு ஞாயிற்றுக்கு 960. 30 ரூபாய்க்குச் சண்டை போடுகிற வீட்டில் 240 ரூபாய் சத்தமில்லாமல் புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாதம் ஒரே ஒரு தடவை காரை எடுங்கள். அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு என்று கெட்டுப்போகாத எல்லாவற்றையும் அன்றைக்கே வாங்குங்கள். அப்போது பில் தானாகவே 1,000-ஐத் தாண்டும், பார்க்கிங்கும் நியாயமாகவே இலவசமாகும். காய்கறியும் மற்ற சில்லறைச் சாமானும் உச்சிப்புளி மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட இருந்தாலும் 240 ரூபாய்ப் பயணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவது ஒரு சந்தோஷம் என்று சொல்வீர்கள். சரிதான், அதற்காகவே போங்கள், பஸ்ஸில் போங்கள். ஆனால் அதை மளிகைக் கணக்கில் எழுதாதீர்கள்.

அப்புறம் அந்த ஸ்டாண்டு 10 ரூபாய். அதைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள செலவுகளிலேயே உருப்படியான செலவு அதுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பஸ்ஸைப் பிடிக்க உதவுவது ஸ்டாண்டுதான். ஸ்கூட்டரிலேயே ராமநாதபுரம் போய்வந்தால் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு ஒரு நாளைக்கு 80 ரூபாய், மாதம் 2,000. இப்போது கொடுப்பது 250. இன்னொன்று, நம் பக்கத்து உப்புக்காற்று. பகல் முழுக்க வண்டியை வெட்டவெளியில் விட்டால் போல்ட், சைலன்சர், பிரேக் கேபிள் என்று எது எது துருப்பிடிக்கும் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். கூரை போட்ட ஸ்டாண்டாக இருந்தால் அந்த 10 ரூபாயில் பாதி வண்டிக்கான பராமரிப்புச் செலவு என்றே நினைத்துக்கொள்ளலாம். தினம் வருகிறவர்களுக்கு மாதப் பாஸ் உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பல ஸ்டாண்டுகளில் வாய் திறந்து கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது.

ஆஸ்பத்திரி 20 ரூபாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்குகிற நேரத்தில் டோக்கன் பையனோடு சண்டை வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொது இடத்தில், அதாவது பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோயில் பக்கம் என்று நகராட்சியோ ஊராட்சியோ நடத்துகிற ஸ்டாண்டு பெரும்பாலும் ஏலத்தில் விடப்பட்டதாக இருக்கும். எவ்வளவு வாங்கலாம் என்பதும் உள்ளாட்சி முடிவு செய்ததுதான், ஏலம் எடுத்தவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. கட்டணப் பலகை எங்கே என்று கேளுங்கள், அச்சடித்த ரசீது கேளுங்கள். பலகையும் இல்லை, ரசீதும் இல்லை, விசில் மட்டும்தான் இருக்கிறது என்றால் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கூடுதலாக வாங்கினால் ரசீதைப் போட்டோ எடுத்து நகராட்சி ஆணையருக்கு மனு கொடுக்கலாம்.

கடையின் சொந்த இடத்தில் விஷயம் கொஞ்சம் சிக்கல். பெரிய வணிகக் கட்டடம் என்றால் வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கட்டட விதிகளே சொல்கின்றன. அப்படி விட்ட இடத்துக்குக் காசு வாங்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. மால்கள் வாங்கக் கூடாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்னது. கேரளத்தில் வந்த தீர்ப்பு மால் பக்கம் சாய்ந்தது. 30 ரூபாய்க்காக நீங்கள் வக்கீலைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. கட்டணத்தை உள்ளே நுழையும் இடத்திலேயே எழுதி வைக்காமல் வெளியே வரும்போது கேட்டால் மட்டும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரின் ரோட்டோரப் போராட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 500 ரூபாய் அபராதம் என்பது 16 ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங். அதே குற்றம் மறுபடி என்றால் 1,500 வரை போகும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிங் காசு கொடுத்துவிட்டோம், இனி வண்டிக்கு அவர்கள்தான் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். டோக்கனைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இருக்கும். 1998-ல் டெல்லியில் ஒருவர் நட்சத்திர ஓட்டல் ஊழியரிடம் சாவியோடு காரை ஒப்படைத்தார், கார் திருட்டுப்போனது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், டோக்கனில் அப்படி அச்சடித்துவிட்டதால் மட்டும் ஓட்டல் தப்பிக்க முடியாது என்றது. ஆனால் அது சாவியை ஒப்படைத்த வழக்கு. பூட்டிவிட்டுச் சாவியை நீங்களே எடுத்துப் போகிற ஸ்டாண்டில் இதே நியாயம் அப்படியே கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. உங்கள் ஸ்கூட்டருக்கு எடுத்திருப்பது வெறும் மூன்றாம் நபர் காப்பீடா என்று இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். அது மட்டும் இருந்தால் வண்டி காணாமல் போனால் ஒரு பைசா வராது. திருட்டுக்கும் சேர்த்து எடுத்திருந்தால் இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள், இழப்பீடு கேட்கும்போது இரண்டையும் கேட்பார்கள். ஆர்.சி. புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், டிஜிலாக்கர் போதும். டோக்கன் தொலைந்தாலும் ஆர்.சி.யைக் காட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கும். புத்தகம் வண்டிக்குள்ளேயே இருந்தால் அது உங்கள் வண்டி என்று எதைக் காட்டுவீர்கள்?

ராமேஸ்வரத்துக்கு உறவுக்காரர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் ரயிலைப் பாருங்கள். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் காரை ஊருக்கு வெளியே எங்கோ நிறுத்திவிட்டு ஆட்டோவுக்கும் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாகத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில்தான். கடையில் தேவையில்லாமல் எடுத்த 800-ம், குறைத்த மூன்று பயணத்தின் பெட்ரோல் 720-ம் சேர்ந்தால் 1,520 ரூபாய். அதில் 1,500-ஐ ஜூலை முதல் வாரத்தில் உங்கள் வங்கியில், பத்து மாதத்துக்குத் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு, ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். உங்கள் சம்பளம் ஏறுகிற தேதிக்கு மறுநாளே பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர் பங்குக் காசு வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளினால் அது நடக்காது. ஏப்ரலில் பத்தாவது தவணை முடியும், மே மாதத் தொடக்கத்தில் 15,000-ம் வட்டியும் கைக்கு வரும். அப்போது படகு கரையில் ஏறி மூன்று வாரம் ஆகியிருக்கும்.