கடனும் சிவப்பு அட்டையும்

வணக்கம் அக்கா,

ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் மலேசியாவின் பற்றாக்குறை குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் கடன் ஏன் இன்னும் ஏறிக்கொண்டே போகிறது? டீசல் மானியம் போயிற்று, முட்டை மானியமும் போயிற்று. வீட்டில் கடன் இருந்தால் நாங்கள் ஆடம்பரச் செலவைத்தான் முதலில் நிறுத்துவோம். அரசாங்கமோ எங்கள் சாப்பாட்டிலேயே கை வைக்கிறது. நாட்டுக் கடனை அடைக்க 2018-இல் அரசாங்கம் மக்களிடம் திரட்டிய நம்பிக்கை நிதிக்கு அப்பா 50 ரிங்கிட் கொடுத்தார். அது வீண்தானா? தோட்டத்து மக்கள் வாங்காத கடனுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

ம., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

பற்றாக்குறை என்பது ஓர் ஆண்டில் வரவை மீறிய செலவு. அது குறைந்தால் அந்த ஆண்டு புதிதாக வாங்கும் கடன் குறையும், அவ்வளவுதான். பழைய கடன் அப்படியே நிற்க, புதியதும் அதன் மேல் ஏறும். 2021-இல் பொருளாதார உற்பத்தியில் 6.4 விழுக்காடாக இருந்த பற்றாக்குறை 2024-இல் 4.1-க்கு இறங்கியது. 2026-க்கான இலக்கு 3.5. இது மெய்யான இறக்கம்தான். ஆனாலும் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்ட கடன் இன்னும் வளர்கிறது.

இந்தக் கடனைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. காரணம் வட்டி. 2024-இல் வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 50 பில்லியன் ரிங்கிட் போயிற்று. அதே ஆண்டு சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 41.2 பில்லியன். அரசாங்க மருத்துவமனையில் விடியற்காலையிலேயே எண் சீட்டு எடுத்துக்கொண்டு மதியம் வரை காத்திருக்கும் நம் ஆட்களுக்குச் சேர வேண்டிய பணம் அது.

அப்பாவின் 50 ரிங்கிட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த நிதியில் மொத்தம் 200 மில்லியன் ரிங்கிட்டுக்குச் சற்று மேல் சேர்ந்தது. 2018-இல் அரசாங்கம் கட்டிய வட்டி 30 பில்லியன் அளவில் இருந்தது. மக்கள் மனமுவந்து கொடுத்த அவ்வளவு பணமும் மூன்று நாள் வட்டிக்குக்கூடப் போதாது. கொடுத்தவரின் மனத்துக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. தோட்டத்துச் சம்பளத்திலிருந்து நாட்டுக்கென்று எடுத்துக் கொடுத்தவரை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு தேசத்தின் கடன் நன்கொடையால் தீராது. வரியாலும் செலவுக் கட்டுப்பாட்டாலும்தான் தீரும்.

வரியில் நாமே விட்ட இடம் ஒன்று உண்டு. 2018 ஜூன் மாதம் ஜிஎஸ்டி பூஜ்ஜியம் ஆனபோது நம் ஊர்க் கடைத்தெருவே மகிழ்ந்தது. விலைவாசியில் நொந்தவர்களின் மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2017-இல் 44 பில்லியன் ரிங்கிட் கொண்டுவந்த வரி அது. செப்டம்பரில் திரும்பி வந்த விற்பனை, சேவை வரி அந்த அளவுக்குக் கொண்டுவரவில்லை. பிறகு பெருந்தொற்று வந்தது. கடன் உச்சவரம்பைப் பொருளாதார உற்பத்தியில் 55 விழுக்காட்டிலிருந்து 60-க்கும், அடுத்து 65-க்கும் உயர்த்தினார்கள்.

‘வாங்காத கடன்’ என்கிறீர்கள். கடன் கொடுத்தவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர், தம்பி. அவர் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி அரசாங்கப் பத்திரங்களில்தான் இருக்கிறது. அரசாங்கம் கட்டும் வட்டியில் ஒரு பங்கு, லாப ஈவாக அவர் கணக்குக்கே திரும்பி வருகிறது. எனவே, கட்ட முடியாது என்று நாம் கைவிரித்தால் முதலில் அடிபடுவது நம்முடைய சேமிப்புதான்.

இனி மானியம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. ஆண்டுக்கு 4 பில்லியன் மிச்சமாகும் என்று அரசாங்கம் சொன்னது. தகுதியுள்ள டீசல் வாகனக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 ரிங்கிட் கொடுத்தார்கள். அப்போதைய விலையில் மாதம் 166 லிட்டருக்குள் போட்டவருக்கு அது ஈடாகிவிட்டது. எல்லை தாண்டிக் கடத்தியவர்களுக்கும் சொகுசு வாகனக்காரர்களுக்கும் போன பணம் நின்றது. இதை நான் ஆதரிக்கிறேன்.

நான் சண்டை போடும் இடம் வேறு. மானியத்தை இப்போது ஒரு பட்டியலை வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலின் கதவு மைகார்டு, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை. 2025 செப்டம்பர் 30 முதல் ரோன் 95 பெட்ரோல் மைகார்டும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட் ஆனது, மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் 2.60. ஆகஸ்டு 31 முதல் கொடுத்த 100 ரிங்கிட் உதவியும் மைகார்டு உள்ள குடிமக்களுக்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். இதே வட்டாரத் தோட்டங்களில் ஆயுள் முழுக்க ரப்பர் பால் வெட்டியவர். அவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அதை ஒரு துணிப்பையில் சுருட்டி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் 100 ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கிவந்த நாளில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இது ஆகாதாம்மா?" என்று கேட்டார். ஆகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. செம்பனை ஆலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் இன்னொருவருக்கும் சிவப்பு அட்டைதான். அந்தத் தொடக்க விலையில் மாதம் 30 லிட்டர் போட்டால் மைகார்டு உள்ளவர்களைவிட 18 ரிங்கிட் கூடக் கொடுக்க வேண்டியிருந்தது. கடையில் வரி பிடிக்கும்போது யாரும் அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு முட்டைக்கு 10 சென் என்றிருந்த மானியத்தை 2025 மே மாதம் பாதியாக்கி, ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அந்த 100 ரிங்கிட் கைக்கு வந்தவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். பாட்டிக்கு விலை மட்டும் ஏறியது, உதவி வரவில்லை. பற்றாக்குறைக் கணக்கில் அவருடைய பங்கு தூசியளவுகூட இருக்காது. அவ்வளவு சிறிய தொகையை மிச்சம் பிடித்து ஒரு நாடு கடனை அடைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023-இல் இயற்றிய நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள்ளும் கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவரச் சொல்கிறது. மேம்பாட்டுச் செலவு பொருளாதார உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி வரிதான். தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லியே சாலையும் தண்ணீர்க் குழாயும் தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்கு எட்டாமல் போன வரலாறு நம்முடையது. சிக்கனம் என்ற பெயரில் அது திரும்பிவிடக் கூடாது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை எண்ணைப் பார்த்த கையோடு மேம்பாட்டு ஒதுக்கீட்டையும் பாருங்கள். அது குறைந்திருந்தால் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.

உங்கள் தோட்டத்திலும் சிவப்பு அட்டைக்காரர்கள் இருப்பார்கள். பிறந்த இடம், படித்த பள்ளி, வேலை செய்த தோட்டங்கள், பழைய சம்பளச் சீட்டு, சேமநிதி எண் என்று கிடைப்பதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தாளில் எழுதி வையுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தைத் தேசியப் பதிவுத் துறையில் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். அவர்களை அழைத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.

அன்புடன்,
அக்கா