ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டியது எதற்கு?

கேள்வி: நான் இசை ஆசிரியை. பத்து மாதமாக, வீடிழந்த குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். சம்பளம் கிடையாது. வாராவாரம் பாதி முகங்கள் புதுசு. போன வாரம் சொல்லிக்கொடுத்ததை இந்த வாரம் தொடர முடிவதில்லை. அம்மாக்கள் சுவரோரம் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். கைதட்டச் சொன்னால்கூடத் தட்டுவதில்லை. போன வாரம் ஒரு அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஏதோ முனகிக்கொண்டிருந்தார். வட்டத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மூத்த மகள் எழுந்து அவரிடம் ஓடிவிட்டாள். மற்றவர்கள் கவனம் கலையக் கூடாதே என்று ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினேன். உடனே ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டான். சோற்றுக்கும் படுக்கைக்கும் தவிக்கிற இடத்தில் பாட்டு ஓர் ஆடம்பரமோ என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊதியமில்லாமல் உழைக்கிறேன், யாரும் மதிக்கவில்லை, விட்டுவிடலாமா? ‘உங்கள் சேவை பெரிது, தொடருங்கள்’ என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதைத்தான் பேச வேண்டும்.

ஒரு தாய் பாடினார். பிள்ளை எழுந்து அவரிடம் ஓடியது. பத்து மாதத்தில் உங்கள் வகுப்பில் நடந்த உருப்படியான காரியம் அதுதான் என்பேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒலியைக் கூட்டினீர்கள்.

‘முனகினார்’ என்று வேறு எழுதுகிறீர்கள். நீங்கள் பாடினால் பாட்டு, அவர் பாடினால் முனகலா டீச்சரம்மா?

அந்த வாசலில் நின்றவர் யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, யார் பார்க்க வரலாம் என்று எல்லாவற்றையும் அவருக்கு வேறு யாரோ சொல்கிறார்கள். பிள்ளை அழுதால் அடுத்த கட்டில்காரர் முறைக்கிறார். சொந்தப் பிள்ளைகள் எதிரிலேயே, அனுமதி கேட்டுக்கேட்டு அவர் ஒரு சின்னப் பிள்ளை போல ஆகிவிட்டிருக்கிறார். அந்த நிலையிலும் தோளில் கிடப்பதைத் தட்டிக்கொண்டே ஒரு மெட்டு அவர் வாயில் வந்திருக்கிறது. அதைக் கேட்டு மூத்தவளுக்கு, ‘எங்கம்மா, எங்க பாட்டு’ என்று கால் தானாக எழுந்திருக்கிறது. வீடு போய்விட்டது. அந்தப் பாட்டு மட்டும்தான் அவர்கள் கையோடு எடுத்து வந்த வீடு. அதன் மேல் உங்கள் ஸ்பீக்கர்.

தாய்க்குரல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். சப்பல்களுக்கு நடுவே விடும் இடைவெளியைக் கூட்டினாலோ குறைத்தாலோ காதில் கேட்கும் குரல் மாறும். தாயின் குரல் கேட்கும்படியே அந்தச் சிசுக்கள் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன. வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகிய குரல் அல்லவா! அப்புறம் 2015-இல் மாண்ட்ரியலில் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தெரியாத மொழியில், துருக்கிய மொழியில், பாட்டையும் பேச்சையும் ஒலிப்பதிவாகப் போட்டார்கள். பேச்சு கேட்ட குழந்தைகள் ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் சிணுங்கத் தொடங்கின. பாட்டு கேட்டவை ஒன்பது நிமிடம் தாங்கின. முகம் தெரியாத ஒரு ஒலிப்பதிவுக்கே ஒன்பது நிமிடம் என்றால், தட்டிக்கொடுக்கும் கையோடும் உடம்புச் சூட்டோடும் பாடுகிற அம்மாவுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாலாட்டு என்கிறோமே, அதில் ‘தால்’ என்றால் நாக்கு. நாக்கை ஆட்டினால் போதும். ஸ்பீக்கர் எதற்கு? எங்கள் அம்மாவுக்குச் சுருதி என்ற ஒன்று இருப்பதே தெரியாது; எட்டுப் பிள்ளைகளும் அந்தக் கட்டைக் குரலில்தான் தூங்கினோம்.

என் கட்சி பழசுதான், மறைக்கவில்லை. பிள்ளையை வளர்ப்பது பெற்றவர்களின் வேலை. வெளியிலிருந்து உதவ வருபவர், பிள்ளையின் கண்ணில் பெற்றவரை ஒரு படி உயர்த்திவிட்டுப் போக வேண்டும். அவர்களைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு நடுவில் நின்று பிள்ளைகளைக் குஷிப்படுத்துகிறவர் நல்ல கலைஞராக இருக்கலாம், உதவியாளர் இல்லை. நியூயார்க்கில் கார்னகி ஹால் என்ற இசையரங்கம் 2011-இல் ஒரு தாலாட்டுத் திட்டம் தொடங்கியது. தேர்ந்த இசைக்கலைஞர்கள் காப்பகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய், ஒவ்வொரு தாயோடும் உட்கார்ந்து, அவர் பிள்ளைக்கென்றே ஒரு பாட்டு கட்ட உதவுகிறார்கள். கவனியுங்கள், பாட்டு தாயுடையது. கலைஞர் கூட உட்கார்ந்திருப்பவர், அவ்வளவுதான்.

போனைப் பார்க்கிறார்கள் என்று குறைப்படுகிறீர்கள். வீடு தருகிறேன் என்றவரிடமிருந்தோ வேலை தருகிறேன் என்றவரிடமிருந்தோ வக்கீலிடமிருந்தோ அழைப்பு வருமா என்று காத்திருப்பவர் வேறு எதைப் பார்ப்பார்? சிலருக்கு வாயைத் திறக்காமல் இருந்ததுதான் பழைய வீட்டில் பாதுகாப்பாக இருந்திருக்கும். ‘எல்லாரும் கைதட்டுங்கள்’ என்றால் அவர்கள் காதுக்கு அது இன்னொரு உத்தரவு. அதற்காகப் பெற்றவர்களுக்குக் கடமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது அவர்கள் பங்கு. அதைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அப்பாக்கள் இருந்தால் அவர்களிடமும். பாய் போட்டு, பிள்ளை பெற்றவர் மடியில் உட்காரும்படி வட்டத்தை மாற்றுங்கள். நீங்களும் கீழே உட்காருங்கள். உங்கள் பயிற்சி பெற்ற உச்சஸ்தாயியை வீட்டில் வைத்துவிட்டு, யாருக்கும் எட்டுகிற சுருதியில் பாடுங்கள்.

பாதி முகங்கள் புதுசு என்கிறீர்கள். அது காப்பகம், பள்ளிக்கூடம் இல்லை. இடம் கிடைத்தவர்கள் கிளம்பிப் போவதுதானே அங்கே நல்ல செய்தி! தொடர்கதை எழுதாதீர்கள், சிறுகதை எழுதுங்கள். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் கோத்து ஒரு வரவேற்புப் பாட்டு, கடைசியில் ஒரு போய்வருகிறேன் பாட்டு. இந்த இரண்டும் வாராவாரம் மாறவே கூடாது. நடுவில் மடியாட்டம், கிலுகிலுப்பை, மெதுவான ஒன்று. முக்கால் மணி இந்த வயதுக்கு அதிகம், அரை மணி போதும்.

அந்தப் பையன். மேசைக்கடியில் போனவன். திடீரென்று சத்தம் உயர்ந்தால் அடுத்து அடி விழும் என்று எங்கோ படித்துவந்த பாடமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், என்ன நடந்தது என்று அவனிடமோ அவன் அம்மாவிடமோ கிளறாதீர்கள். வெளியே இழுக்கவும் வேண்டாம். ஒரு கிலுகிலுப்பையை மேசைக்காலருகே உருட்டிவிட்டு, உங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கள். அவன் அங்கிருந்தே ஆட்டினால் அவனும் வட்டத்தில்தான் இருக்கிறான். அறைக்கதவு திறந்தே கிடக்கட்டும்.

படம் கிடம் எடுத்து எங்காவது போடுகிறீர்களா? கடிதத்தில் இல்லை. இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒளிந்து வாழ்கிற ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்க, படத்தின் ஓரத்தில் தெரிகிற ஒரு ஜன்னல் போதும்.

பாட்டு ஆடம்பரமா? 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 31-ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் கலையையும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

விட்டுவிடலாமா என்றால், ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். வருகிற வாரம் அந்த அம்மா இன்னும் அங்கே இருந்தால், வகுப்பு தொடங்கும் முன் தனியாகப் போய்க் கேளுங்கள்: “அன்னைக்கு நீங்க பாடினதைக் கேட்டுப் பாப்பா ஓடிவந்தாளே, அது என்ன பாட்டு? எனக்குச் சொல்லித் தர்றீங்களா?” அவர், “அது ஒண்ணுமில்லைங்க, சும்மா” என்பார். வற்புறுத்தாதீர்கள். சரி என்று பக்கத்தில் தரையில் உட்காருங்கள், காதில் விழுந்த மெட்டைத் தப்பும் தவறுமாக நீங்களே முனகிப் பாருங்கள். அப்படி இல்லை என்று மூத்தவள் திருத்துவாள்.