விட்ட இடத்தில் கார் இல்லையென்றால்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கட கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. கனடாவுக்கு வந்து ஒரு வருசம் ஆகவில்லை. பழைய கொரோலா ஒன்று வாங்கி ஓடுகிறீர்கள். இரவு எக்லின்ரன் கிழக்குப் பக்கம் சிநேகிதரின் அப்பார்ட்மென்றுக்குப் போனீர்கள். விசிற்றர் பார்க்கிங்கில் இடமில்லை, பக்கத்துத் தெருவில் விட்டீர்கள். விடியப் பார்த்தால் கார் இல்லை. ஒருவர் "உடனே 911 அடி" என்கிறார், மற்றவர் "இன்சூரன்ஸுக்கு மட்டும் வாய் திறக்காதே, காசைக் கூட்டிப்போடுவாங்கள்" என்கிறார். இதில் எதைக் கேட்பது?

இரண்டையும் விடுங்கோ. 911 உங்கட கண்ணுக்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு. விடியப் பார்த்துக் காணாத காருக்கு 416-808-2222 என்ற ரொறன்ரோ பொலிஸின் அவசரமில்லாத இலக்கம் இருக்கிறது. இன்சூரன்ஸ் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கார் இல்லையென்றதும் எங்கட மனம் நேராகக் களவுக்குத்தான் ஓடும். ஆனால் இந்த ஊரில் உங்கட காரைச் சட்டப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். மாநகரமும் பொலிசும் எடுக்கலாம், கட்டிடத்து நிர்வாகம் எடுப்பிக்கலாம், கடன் தந்த வங்கியும் ஆள் விட்டு எடுக்கலாம். இவர்களில் ஒருவரும் எடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அது களவு. நான் பார்த்த அளவில் புதிதாக வந்த ஆட்களின் "காணாமல் போன" கார்களில் அரைவாசிக்கு மேல் ஏதோ ஒரு டோ யார்டில், அதாவது இழுத்த கார்களை நிறுத்திவைக்கிற இடத்தில்தான், நின்றது.

அதனால் போனைத் தூக்குமுன் தெருவை ஒருக்கா நடந்து பாருங்கோ. சினோவும் (பனி) இருட்டுமாக இருக்கிற நேரம் தெருவை மாறி நினைப்பது பெரிய விசயமில்லை, பியர்சன் விமான நிலையத்தில் மாடி மாறி நின்று அழுதவர்களும் உண்டு. பிறகு கம்பத்தைப் பாருங்கோ. ஒரே கம்பத்தில் மூன்று பலகை தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நேரம், அம்புக்குறி வேறு. பலகையே இல்லாத தெருவிலும் ரொறன்ரோவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது. அதற்குப் பெரும்பாலும் ரிக்கெற்றோடு விட்டுவிடுவார்கள். இழுத்துக்கொண்டு போவது வேறு காரணங்களுக்கு: ஒருவரின் ட்ரைவ்வேயை மறித்தது, தீயணைப்புக் குழாய்க்கு மூன்று மீற்றருக்குள் விட்டது, காலை மாலை நெரிசல் நேரத்தில் பெரிய றோட்டில் விட்டது. தீயணைப்புக் குழாய் சினோக் குவியலுக்குள் மறைந்திருந்தது என்று சொன்னாலும் எடுபடாது.

மழைகாலம் மட்டும் தெரிந்த நாங்கள் யோசிக்காத ஒன்று சினோப் பாதை. பெரிய பனிப்புயல் என்று மாநகரம் அறிவித்தால், குறித்த சில றோட்டுகளில் 72 மணித்தியாலத்துக்குக் கார் நிறுத்தக்கூடாது. தெரு ரயிலான ஸ்ரீற்கார் ஓடுகிற றோட்டுகள் பல அதில் அடங்கும். நேற்று விடக்கூடிய இடம் இன்றைக்கு விடக்கூடாத இடமாகிவிடும். சினோ அள்ளும்போது சில நேரம் காரை யார்டுக்குக் கொண்டுபோகாமல் பக்கத்துத் தெருவிலேயே கொண்டுபோய் விட்டும் போவார்கள். ஆகவே சினோ கொட்டின அடுத்த நாளென்றால் சுற்றியுள்ள நாலைந்து தெருவையும் பார்த்துவிட்டுத்தான் மற்றக் கதை.

கண்டுபிடிக்கவில்லையா? இப்போது பொலிஸின் அந்த அவசரமில்லாத இலக்கத்துக்கு அடித்து, இலக்கத் தகட்டைச் சொல்லி, "இழுக்கப்பட்டதா" என்று முதல் கேளுங்கோ. "களவு போட்டுது" என்று தொடங்க வேண்டாம். பொலிஸின் இணையப் பக்கத்திலும் தகட்டு இலக்கத்தைப் போட்டுத் தேடலாம். ஆங்கிலத்தில் தடுமாற்றமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ, வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்க்கம் நகரில் விட்டிருந்தால் யோர்க் பொலிஸ், பிரம்ரன், மிசிசாகா என்றால் பீல், ஏஜாக்ஸ் பக்கமென்றால் டூரம். ஊருக்கு ஊர் சட்டமும் வேறு. பிரம்ரனில் அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை பொதுவாகத் தெருவில் விடக்கூடாது.

சிநேகிதரின் கட்டிடத்துக்குள் விட்டிருந்தீர்களென்றால் கதை வேறு. முதலில் அந்தக் கட்டிடத்தின் நிர்வாக அலுவலகத்தையோ வாசலில் நிற்கும் செக்கியூரிற்றியையோ கேட்க வேண்டும். ரொறன்ரோவில் தனியார் நிலமென்றாலும் மாநகர ரிக்கெற் எழுதாமல் காரை இழுக்கக்கூடாது என்பது உப விதி. அந்த ரிக்கெற் எங்கே என்று தாராளமாகக் கேட்கலாம்.

யார்டில் இருப்பது தெரிந்தால் அன்றைக்கே போங்கோ. "சம்பளம் வரட்டும், வெள்ளிக்கிழமை எடுப்பம்" என்று நினைக்கிறவர்கள்தான் நிறையக் கட்டுகிறார்கள். இழுத்த கூலி ஒருமுறைதான், நிறுத்திவைக்கிற வாடகை நாளுக்கு நாள் ஏறும். சாரதி அனுமதிப்பத்திரம், காரின் ஓனர்ஷிப் (பதிவுப் பத்திரம்), இன்சூரன்ஸ் துண்டு மூன்றும் வேண்டும். ஓனர்ஷிப் காருக்குள்ளேயே கிடக்கிறதென்றுதான் முக்கால்வாசிப் பேர் முழிப்பது. ஒன்ராறியோவில் அதன் பிரதியைக் காரில் வைத்திருந்தாலே போதும், அசலை வீட்டில் வையுங்கோ. இப்போது அசல் கையில் இல்லாவிட்டால் மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் காசு கட்டி மாற்றுப் பிரதி எடுக்கலாம். கார் மாமாவின் பெயரில் என்றால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கையெழுத்துக் கடிதத்தோடு தனியப் போய்த் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

யார்டில் உங்களைப் புது ஆள் என்று கண்டால் சிலர் வேறு மாதிரிக் கதைப்பார்கள். 2024 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இழுவைத் தொழிலுக்குத் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாகாணத்தின் சான்றிதழ் இல்லாமல் அந்தத் தொழில் செய்யக்கூடாது. கட்டண விபரத்தை வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு செலவையும் தனித்தனியே எழுதிய பில் தர வேண்டும், கிரெடிற் கார்ட்டை மறுக்கக்கூடாது. "காசு மட்டும்தான்" என்று ஒருவன் சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கோ, பெரும்பாலும் கார்ட் மெசின் வெளியே வந்துவிடும். காரை உடனே எடுக்க வசதியில்லாவிட்டாலும் பிள்ளையின் சீற், மருந்து, வேலைச் சப்பாத்து போன்ற சொந்தச் சாமான்களை எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரிக்கெற் அநியாயம் என்று பட்டால் யார்டில் நின்று சண்டை பிடிக்காதேங்கோ, வாடகைதான் கூடும். கட்டிக் காரை எடுத்துவிட்டு, மாநகரத்திடம் 15 நாளுக்குள் மீளாய்வு கேளுங்கோ. பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தால் நல்லது.

வங்கிக் கதை உங்களுக்குப் பொருந்தாமலிருக்கலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தவணை தவறினால் கடன் தந்தவர் நீதிமன்றத்துக்குப் போகாமலே காரை எடுப்பிக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு கட்டி முடித்திருந்தால் மட்டும் நீதிமன்ற அனுமதி வேண்டும். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும், முதல் சொந்தக்காரன் கட்டாமல் விட்ட கடன் அந்தக் காரில் ஒட்டிக்கொண்டு வரும். தனியாரிடம் வாங்கியிருந்தால் சேர்விஸ் ஒன்ராறியோ தருகிற வாகனத் தகவல் பொதியில் அது தெரியும். வாங்கும்போது பார்த்தீர்களா?

இனி உண்மையான களவு. இங்கே அது சின்ன விசயமில்லை. 2023இல் ரொறன்ரோவில் மட்டும் 12,000க்கு மேற்பட்ட வாகனங்கள் களவு போயின. 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் மத்திய அரசு இதற்கென்றே மாநாடு கூட்டியது. அதே வருடம் மொன்ரியால் துறைமுகத்தில் கொள்கலன்களுக்குள் இருந்து கிட்டத்தட்ட அறுநூறு வாகனங்களை மீட்டதாக ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் அறிவித்தது. மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போக இருந்தவை அவை. கள்ளருக்குப் பிடித்தது ஹைலாண்டர், லெக்சஸ், சிஆர்-வி, ராம் ட்ரக். உங்கட பழைய கொரோலாவை ஒருவன் கப்பலேற்றுவான் என்று நான் நம்பவில்லை. அதுவும் சேர்த்துத்தான் முதலில் யார்டைத் தேடச் சொன்னது.

களவுதான் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை எழுதி வையுங்கோ, மற்ற எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். தகட்டு இலக்கத்தோடு காரின் அடையாள இலக்கத்தையும் கொடுங்கோ, அது ஓனர்ஷிப்பிலும் இன்சூரன்ஸ் துண்டிலும் இருக்கும். கள்ளர் காரை எடுத்த கையோடு கொண்டுபோவதில்லை. ட்ராக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேறொரு தெருவிலோ பிளாசாவிலோ ஓரிரு நாள் ஆறப்போடுவார்கள். ஆகவே அந்த முதல் நாளில் கெதியாகச் சொல்வது பலன் தரும். ட்ராக்கர் ஒரு இடத்தைக் காட்டினால் நாலு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதேங்கோ. துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் இதில் இருக்கிறார்கள். இடத்தைப் பொலிசுக்குச் சொல்லுங்கோ.

இப்போது அந்த இன்சூரன்ஸ் கதை. களவு உங்கட பிழையால் நடந்த விபத்தாகக் கணக்கில் வராது. மறைத்தால் நட்டம் உங்களுக்குத்தான், ஒன்ராறியோவின் பொதுப் பொலிசியின்படி ஏழு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஆனால் நீங்கள் எடுத்தது எங்கட ஆட்கள் சொல்லுகிற "வண் வே", அதாவது சட்டம் கேட்கிற அடிப்படைக் காப்புறுதி மட்டும், என்றால் களவுக்கு ஒரு சதமும் வராது. விரிவான காப்புறுதி போலக் களவையும் உள்ளடக்கிய ஒன்று இருந்தால்தான் களவுக்குக் கிடைக்கும். அது இருந்தால், கார் இல்லாத நாட்களுக்கு வாடகைக் காருக்கோ டாக்சிக்கோ ஒரு தொகையும் உண்டு, அறிவித்து 72 மணித்தியாலம் கழிந்த பிறகு. காருக்குள் இருந்த லப்ரொப் போன்றவை வீட்டு அல்லது வாடகைவாசி இன்சூரன்ஸில் பார்க்க வேண்டியவை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதேங்கோ. பொலிசியில் எழுதியிருக்கிற விலாசம் உங்கட விலாசம்தானா? ஸ்காபரோத் தபால் குறியீட்டுக்குக் காசு கூட என்று பரியிலோ பீற்றபரோவிலோ இருக்கிற சொந்தக்காரரின் விலாசத்தைப் போடுவது, மாமாவை முதன்மைச் சாரதி என்று காட்டிவிட்டு மருமகன் ஓடுவது, இதெல்லாம் எங்கட ஆட்களுக்குள் பழகிப்போன கெட்டித்தனம். மாதம் நூறு டொலர் மிச்சம் பிடிக்கலாம். களவு போகிற நாளில் கம்பனி விசாரிக்க ஆள் அனுப்பும், அப்போது கோரிக்கையே செல்லாமல் போகலாம். அப்படி ஏதும் இருந்தால் இன்னொரு பொய்யால் அதை மூடப் பார்க்காமல் முதலில் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கோ.

சாவியைப் பற்றியும் ஒரு சொல். கீ இல்லாமல் பட்டன் அமத்தி ஓடுகிற கார்களுக்குச் சாவியின் சிக்னலை வீட்டு வாசலில் நின்றே பிடித்துவிடுகிறார்கள். சிக்னலை மறைக்கிற பையில் போட்டு வையுங்கோ, ஸ்ரியரிங் பூட்டும் வாங்குங்கோ. 2024 தொடக்கத்தில் எற்றோபிக்கோவில் ஒரு கூட்டத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவர், கள்ளர் வீட்டுக்குள் வராமலிருக்கச் சாவியை வாசலிலேயே வையுங்கள் என்று சொல்லி நாடே சிரித்தது. சொன்னவருக்கு எங்கட உயிரில் அக்கறை, எனக்கும்தான், ஆனாலும் நான் வைக்க மாட்டேன். உங்கட கொரோலா சாவி போட்டுத் திருகுகிற ரகமென்றால் இந்தப் பிரச்சினை இல்லை. குளிர் காலத்தில் காரை ஓடவிட்டுவிட்டு "ஒரு நிமிசம்தானே" என்று கோப்பி வாங்க இறங்குவதுதான் உங்களுக்கான ஆபத்து.

ஒன்ராறியோவில் இலக்கத் தகடு காருக்கல்ல, உங்கட பெயருக்கு உரியது. களவு போன கார் 407 என்ற கட்டண நெடுஞ்சாலையில் ஓடினால் பில் உங்களுக்குத்தான் வரும். முறைப்பாட்டு இலக்கத்தை வைத்து 407 காரருக்கும் சேர்விஸ் ஒன்ராறியோவுக்கும் அறிவித்துவிடுங்கோ. களவென்று அறிவித்த பிறகு நீங்களே காரை எங்கேயாவது கண்டால் ஏறி ஓடிவிட வேண்டாம். பொலிஸ் கணினியில் அது இன்னும் களவு வாகனம்தான். மறிக்கிற அதிகாரிக்கு உள்ளே இருப்பது சொந்தக்காரன் என்று தெரியாது. காருக்குப் பக்கத்தில் நின்று பொலிசுக்குப் போன் அடியுங்கோ, அவர்கள் வந்து பதிவை நீக்கட்டும், பிறகு எடுங்கோ.