கூலிக்கு மாரடிக்கும் கமென்ட்டுகள்

கேள்வி: காசு வாங்கிக்கொண்டு கமென்ட் போடுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா? பிடிக்காத கருத்தைச் சொல்பவரை எல்லாம் அப்படி ஏசுகிறோமா?

பதில்: இரண்டும் நடக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சவுஷ்கினா தெரு 55ஆம் எண் கட்டடத்தில் 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்ற நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஷிஃப்ட் போட்டு இதைச் செய்தது. அதைத் தொடங்கியது தானே என்று, வாக்னர் கூலிப்படையின் தலைவராக இருந்த யெவ்கெனி பிரிகோஷின் 2023இல் ஒப்புக்கொண்டார். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கோஷம் போட்டன. இரண்டுக்கும் ஆள் கூட்டிய ஃபேஸ்புக் பக்கங்கள் இந்த ஏஜென்சியுடையவை. வந்து நின்றவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள். அழைத்தவர்கள்தான் பொய்.

கேள்வி: சீனாவில் ஒரு கமென்ட்டுக்கு 5 மாவ், அதாவது அரை யுவான் கொடுப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: 'ஐம்பது காசுப் படை' என்ற பெயர் அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். ஆனால் ஜியாங்ஷி மாகாணத்தின் ஜாங்கோங் மாவட்ட இணையப் பிரசார அலுவலகத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல்களை கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அலசியபோது வேறு படம் கிடைத்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். பதிவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நாடு முழுக்க இப்படி ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள் எழுதப்படுவதாக 2017இல் வெளியான அவர்களின் கட்டுரை கணித்தது.

அதைவிட முக்கியமானது, அந்த அரசு ஊழியர்கள் என்ன எழுதினார்கள் என்பது. அரசைத் திட்டியவர்களோடு அவர்கள் மல்லுக்கு நிற்கவே இல்லை. எங்காவது கொந்தளிப்பு கிளம்பும் என்று தெரிந்ததும் தியாகிகள், தேசப்பற்று, நகர வளர்ச்சி என்று நூற்றுக்கணக்கில் கொட்டிப் பேச்சையே மாற்றினார்கள். வாதாடினால் விஷயம் இன்னும் நாலு பேர் காதில் விழும். பேச்சை மாற்றினால் அப்படியே அமுங்கிப்போகும். ஆகவே, ஆத்திரமாகச் சண்டை போடுகிறவரை மட்டும் சந்தேகித்துக்கொண்டிருந்தால், சம்பந்தமே இல்லாமல் வேறு எதையோ புகழ்ந்துகொண்டிருப்பவரைக் கோட்டை விட்டுவிடுவோம்.

கேள்வி: ஒரு கணக்கு கூலிக் கணக்கா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஒற்றைக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பதிவின் கீழ் ஒரே தொனியில் பேசும் ஐந்தாறு கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கமென்ட்டிலிருந்து எட்டுப் பத்துச் சொற்களை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எழுத்துப்பிழை உள்ள வரியாக இருந்தால் இன்னும் நல்லது. அதே பிழை நாலு பேரிடம் இருந்தால், அது ஒரே இடத்திலிருந்து நகலெடுத்தது.

அடுத்து, கணக்கின் வயது. இன்ஸ்டாகிராமில் 'இந்தக் கணக்கைப் பற்றி' பகுதியில் சேர்ந்த தேதியும், எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்பதும் தெரியும். ஃபேஸ்புக் பக்கமென்றால் பெயர் மாறிய வரலாறே இருக்கும். சமையல் குறிப்புப் பக்கமாக ஆள் சேர்த்துவிட்டு, தேர்தல் நேரத்தில் அரசியல் பக்கமாகப் பெயர் மாற்றுவது பழைய வித்தை.

பிறகு நேரம். 30 பதிவுகளின் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். எல்லாக் கணக்குகளும் ஒரே மணிக்கு விழித்து, ஒரே மணிக்கு அடங்கி, ஒரே நாளில் லீவு எடுத்தால் அது அலுவலகம்.

முகப்புப் படத்தைப் படத் தேடலில் போடுங்கள். எதுவும் சிக்காவிட்டால், ஐந்தாறு படங்களையும் ஒரே அளவில் அடுக்குங்கள். கணினி உருவாக்கும் ஒருவகை செயற்கை முகங்களில் இரு கண்களும் எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் விழும். புதிய மென்பொருள்கள் இதைத் தாண்டிவிட்டன என்பதால் கண்கள் ஒத்துப்போகாததை வைத்து நிஜ முகம் என்று நம்பிவிட வேண்டாம்.

பலர் சறுக்குவது பெயருக்குப் பின்னால் வரும் எண்களில்தான். 'எட்டு இலக்கம் இருந்தால் பாட்' (மென்பொருள் தானாக இயக்கும் கணக்கு) என்பார்கள். எக்ஸ் தளம் தானாகவே அப்படிப் பெயர் வைக்கும். மாற்றத் தெரியாத சாதாரண மனிதர்கள் அப்படியே விட்டிருப்பார்கள். ரசிகர்களும் கட்சித் தொண்டர்களும்கூட ஒரே வாசகத்தை விருப்பப்பட்டே ஒட்டுவார்கள். குறைந்தது மூன்று அறிகுறிகள் பல கணக்குகளில் சேர்ந்து வராதவரை யாரையும் கூலி என்று சொல்லாதீர்கள்; நிஜ மனிதரை அப்படி அவமதித்தால் அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

கேள்வி: அதிக லைக் வாங்கிய கமென்ட்டையாவது மக்கள் கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தென்கொரியாவின் நேவர் தளத்தில் செய்திகளின் கீழுள்ள கமென்ட்டுகளுக்கு தானாகவே திரும்பத் திரும்ப கிளிக் செய்யும் மேக்ரோ மென்பொருளால் லைக்கை ஏற்றிய வழக்கில், ஒரு மாகாண ஆளுநருக்கே 2021இல் 2 ஆண்டுச் சிறைத் தண்டனை உறுதியானது. வரிசையைப் 'புதியவை முதலில்' என்று மாற்றிப் படியுங்கள்.

கேள்வி: பதில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். திட்டிப் பதில் போட்டாலும் தளம் அதை வரவேற்பாகவே எண்ணி மேலே தூக்கிவிடும். இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, கமென்ட்டோடு நிற்காமல் கணக்கையும் புகார் செய்யுங்கள். ஒத்த கணக்குகள் அத்தனையையும் ஒரே நாளில் புகார் செய்யுங்கள். ஒன்றை மட்டும் முடக்கினால் மற்றவை பெயரை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்துவிடும்.